எனக்கு விழவே வரவில்லை

எங்கள் தெருவில் என்னைவிட நன்றாகச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் யாரும் இல்லை. இதை நானே சொல்லிக்கொள்வது அழகில்லைதான். ஆனால் வேறு யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். நான் என்ன செய்வது?

அந்தத் திறமையே ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு வினையாக வந்து சேர்ந்தது.

என் அக்கா சினிமாக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். அவள் ஒரு குறும்படம் எடுத்துக் கொடுத்தால்தான் தேர்ச்சி. கதை இதுதான்: ஒரு பெண் முதல் முறையாக லாரி ஓட்டப் போகிறாள். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கை நடுங்குகிறது. அப்போது, சின்ன வயதில் சைக்கிள் கற்றுக்கொண்ட நாள் அவளுக்கு நினைவு வருகிறது. லாரிக் காட்சிகளை எடுத்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது அந்தச் சின்ன வயதுக் காட்சி மட்டும்.

சின்ன வயதுப் பெண், நான். அவளுடைய அப்பாவாக எங்கள் அப்பாவே நடித்தார். அச்சகத்தில் வேலை பார்க்கும் அவருக்கு நடிப்பென்றால் உயிர். ஆனால் கேமராவைப் பார்க்காமல் அவரால் அரை நிமிடம் இருக்க முடியாது.

"ரெண்டு தடவை விழணும். மூணாவது தடவை விழாம தெருமுனை வரைக்கும் போகணும். அவ்வளவுதான்," என்றாள் அக்கா.

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றேன். வகுப்பு முழுக்க நான்தான் கதாநாயகி என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன்.

தெருமுனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் நாலு வாளி அள்ளி வந்து, நான் விழ வேண்டிய இடத்தில் பரப்பினார்கள். மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு ஏறினேன். அப்பா பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினார். மணல் வந்தது. ஹேண்டில்பாரைத் திருப்பினேன். சைக்கிள் சாய்ந்தது. என் கால் தானாகத் தரையில் ஊன்றிக்கொண்டது.

"மறுபடியும்," என்றாள் அக்கா.

அடுத்த முறை சைக்கிளை விட்டுவிட்டு மணலில் போய்ப் படுத்தேன்.

"விழுந்தியா, தூங்குனியா?" என்றார் கேமரா அண்ணன். அவர் அக்காவோடு படிப்பவர்.

கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். சைக்கிள் ரயில் மாதிரி நேராகப் போனது. பத்து முறை எடுத்தும் எனக்கு விழவே வரவில்லை. அந்தப் பத்திலும் அப்பா கேமராவைப் பார்த்துச் சிரித்திருந்தார்.

மணி நாலரை. வெயில் எதிர்வீட்டுச் சுவர் மேல் ஏறத் தொடங்கியது. கேமராவை ஆறு மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். படத்தை மறுநாள் கொடுக்க வேண்டும்.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "இந்தக் காட்சி இல்லேன்னா என் படமே இல்ல," என்றாள் மெதுவாக. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போல இருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் கடுகைப் பார்த்தேன்.

கடுகு மாடிவீட்டுப் பெண். என் வகுப்புதான். ஆள் சிறியவள் என்பதால் அந்தப் பெயர். தெருவில் எல்லோரும் சைக்கிள் ஓட்டும்போது, "எனக்குப் பிடிக்காது," என்று சொல்லிவிட்டு கேட் பக்கத்திலேயே நிற்பாள். ஆனால் ஒருநாள் வீட்டுக்குப் பின்னால் அவள் என் சைக்கிளில் ஏறி ஏறி விழுந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். அவளுக்குப் பிடிக்காமல் இல்லை, ஓட்டத்தான் தெரியாது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"எனக்கு ஒரு உதவி வேணும். எனக்கு விழ வரல. எனக்குப் பதிலா நீ விழறியா?"

கடுகின் முகம் சுருங்கியது. "எல்லாரும் சிரிப்பாங்க."

"யாரு சிரிப்பாங்க? யாராவது விழ மாட்டாங்களான்னுதான் எல்லாரும் மத்தியானத்துலேருந்து தவம் கிடக்கறாங்க. நீ விழுந்தா கை தட்டுவாங்க."

அவள் என் மஞ்சள் கவுனைப் பார்த்தாள். "அப்போ படத்துல நீ இருக்க மாட்டியே."

அது எனக்கும் வலித்தது. வாசற்படியில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தேன். "பரவால்ல. கவுனைப் போட்டுக்கோ," என்றேன். விஷயத்தைச் சொன்னதும் அக்கா துள்ளி எழுந்தாள்.

நர்ஸ் வேலை பார்க்கும் கடுகின் அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "எலும்பை எண்ணித்தான் அனுப்பறேன், எண்ணித்தான் வாங்கிப்பேன்," என்றார். கடுகின் முழங்காலிலும் முழங்கையிலும் துணி சுற்றினோம். தொளதொள கவுனை ஊசி குத்திச் சரிசெய்தோம்.

கடுகு ஏறினாள். சைக்கிள் இடப்பக்கம் இழுத்தது, வலப்பக்கம் இழுத்தது. மணலில் தொப்பென்று விழுந்தாள்.

எல்லோரும் கை தட்டினோம். கடுகு திகைத்துப்போய் எங்களைப் பார்த்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"பிரமாதம். இன்னொரு தடவை விழு," என்றாள் அக்கா.

இரண்டாவது முறை அப்பாவையும் சேர்த்துச் சாய்த்தாள். ஊரார் வீட்டுப் பெண்ணுக்கு அடிபட்டுவிடுமோ என்ற பயத்தில் அப்பா கேமராவை மறந்தே போனார். அன்றைக்கு முதல் முறையாக அவர் நடித்தார்.

இனி மூன்றாவது முறை. அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது: கடுகுக்கு ஓட்டத் தெரியாது.

அக்கா என் காதில் சொன்னாள், "தூரத்துலேருந்து எடுத்தா முகம் தெரியாது. கவுனை மாத்திக்கிட்டு நீ ஓட்டிடு. ஒரு தடவைக்குத்தான் வெளிச்சம் இருக்கு."

தெருமுனை வரை ஓட்டும் அந்த வெற்றிக் காட்சி எனக்கே வந்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். கடுகு ஹேண்டில்பாரை விடாமல் நின்றுகொண்டிருந்தாள். "இப்போ கொஞ்சம் பிடிபட்ட மாதிரி இருக்கு," என்றாள், தனக்குத்தானே.

"அவளே ஓட்டட்டும், அக்கா," என்றேன்.

அக்கா வெயிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரி. ஓட்டட்டும்."

நான் கடுகிடம் போனேன். "சக்கரத்தைப் பார்க்காதே. தெருமுனை விளக்குக் கம்பத்தையே பாரு. கண்ணு போற இடத்துக்குச் சைக்கிளும் போகும்."

சொல்லிவிட்டு ஓடிப்போய், கம்பத்துக்குப் பக்கத்தில் நின்ற வேனுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டேன்.

கடுகு மிதித்தாள். சைக்கிள் ஆடியது. அப்பா பிடித்துக்கொண்டு ஓடினார். மணலைத் தாண்டினாள். அப்பா கையை எடுத்தார். அவள் விழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள், கவுன் பறக்க மிதித்தாள். விட்ட பிறகும் அப்பா ஓடுவதை நிறுத்தவில்லை. நான் வேனுக்குப் பின்னாலேயே குதித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம்தான் கவனித்தேன். அவள் கம்பத்தையே பார்த்தபடி நேராகக் கம்பத்துக்கே வந்துகொண்டிருந்தாள். பிரேக்கைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

வேனுக்குப் பின்னாலிருந்து பாய்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்துத் திருப்பினேன். கால் இடறியது. கடுகு, சைக்கிள், நான், மூன்று பேரும் மணல் குவியலில் போய் விழுந்தோம்.

"நான் ஓட்டிட்டேன்," என்றாள் கடுகு, வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு. "பார்த்தியா, நான் ஓட்டிட்டேன்."

சிரித்துச் சிரித்து எங்களால் எழுந்திருக்கவே முடியவில்லை. அக்கா 'கட்' சொல்ல மறந்துவிட்டாள். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

கல்லூரியில் படத்தைத் திரையிட்ட அன்று எங்கள் எல்லோரையும் அழைத்திருந்தார்கள். கடுகு கம்பத்தை நோக்கி வந்தபோது அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. நாங்கள் மணலில் விழுந்ததும் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அந்த வருடம் முதல் பரிசு அக்காவுக்குத்தான்.

படத்தில் நான் வருவது நாலே நொடி. ஆனால் அந்த நாலு நொடியில் நான் விழுகிற அழகைப் பார்க்க வேண்டுமே. எங்கள் தெருவில் என்னைவிட நன்றாக விழத் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள். இப்போது அவளுக்கும் விழ வருவதில்லை.