சுபேதார் குருநாதனின் சாட்சிகள்

சாயல்குடியில் பஸ் ஏறி, ராமநாதபுரத்தில் இருந்த முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைக்குத் துர்காதேவி கணவனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். பழைய உப்புக் கிடங்கு அது. பட்டப்பகலிலும் தாழ்வாரம் இருண்டு கிடந்தது. உப்புப் பூத்த சுவர்களின் வாடை டெட்டாலையும் மீறி அடித்தது.

இன்னும் எத்தனை தடவைதான் அலைய விடுவார்களோ என்று அவள் பொருமினாள். சுபேதார் குருநாதனுக்கு ரத்தப் புற்றுநோய். பாலைவனத்தில் கதிர்வீச்சுக் கழிவைப் புதைத்த குழிக்குக் காவல் நின்றவர். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப இங்கிருக்கும் அதிகாரியின் ஒரே ஒரு கையெழுத்து வேண்டும். இப்போதே போனால் பிழைத்துவிடுவார் என்று ரத்தம் சோதித்த டாக்டர் சொல்லியிருந்தார்.

அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அங்கன நின்னாருங்கிறதுக்கு அத்தாட்சி இல்லையேம்மா. கூட இருந்தவங்க யாராச்சும் நேர்ல வந்து சொல்லணும்."

"கூட நின்ன மூணு பேரும் இதே கையெழுத்துக்கு அலைஞ்சுதான் செத்தாங்க சார்! மண்ணுக்குள்ள கிடக்கறவங்களையா கூட்டியார?"

"அப்ப அவங்க பேரையாவது சொல்லச் சொல்லுங்க."

அங்கேதான் தப்பு நடந்தது. பெயர் கேட்டதும் குருநாதன் பழக்கதோஷத்தில் நாற்காலியை விட்டு எழுந்து விறைப்பாக நின்றார். பட்டாளத்தில் சாயங்காலம் ஒவ்வொருத்தராய்ப் பெயர் சொல்லி ஆஜர் எடுக்கிற அதே குரலில் கூப்பிட்டார்.

"மூக்கையா!"

கரண்ட் போனது.

தாழ்வாரத்திலிருந்து யாரோ, வந்திருக்கிறேன் ஐயா என்று பட்டாளத்து இந்தியில் மெல்லச் சொன்னார்கள்: "ஹாஜிர், சாப்."

துர்காதேவி, "ஏங்க, கூப்பிடாதீங்க" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் காதில் விழவில்லை.

"அய்யப்பன்!"

"ஹாஜிர், சாப்."

இது வாசற்படியில் கேட்டது.

"காஜா நவாஸ்!"

பதில் அதிகாரியின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அங்கே யாரும் இல்லை. காய்ந்த மணலின் வாடை மட்டும் அறையெங்கும் நிறைந்தது.

அதிகாரி அந்த இருட்டிலேயே கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினார். துர்காதேவிக்குப் பயத்தை முந்திக்கொண்டு ஆத்திரம்தான் வந்தது. உயிரோடு இருக்கிறவள் மாதக்கணக்கில் கெஞ்சியபோது அசையாத கை! தாளைப் பறித்துக்கொண்டு கணவனோடு வெளியேறினாள்.

கரண்ட் வந்தது. மனசு கேட்காமல் திரும்பிப் பார்த்தாள்.

குருநாதன் உட்கார்ந்திருந்த காலி நாற்காலி தானாக மேசையை ஒட்டி நகர்ந்தது. அதே மூன்று குரல்களும் ஒன்றாகக் கேட்டன.

"அடுத்து எங்களுக்கு எழுதுங்க, சார்."