றெஜினாவின் கதிரை

சோற்றைப் போட்டு, மீன்குழம்பும் ஊற்றி, ஈ மொய்க்காமல் மூடிவைத்த பிறகுதான் தனக்கு இன்னும் கலியாணமே ஆகவில்லை என்பது லவீனாவின் நினைவுக்கு வந்தது.

மறுநாள் பின்னேரம் நல்லூரில் பஞ்சலிங்கம் சேரின் அறைக்குப் போனாள். லவீனாவைப் போன்ற உளவளத்துணையாளர்கள், தங்களிடம் வருகிறவர்களின் பாரத்தை மாதம் ஒருமுறை மேற்பார்வையாளரிடம் இறக்கிவைக்க வேண்டும். லவீனா எல்லாரையும் இறக்கினாள். குருநகர் றெஜினாவை மட்டும் நாலு மாதமாக மறைத்து, இன்றுதான் சொன்னாள். றெஜினாவின் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன்.

"ஏன் பிள்ளை முதலே சொல்லேல்லை?"

"நானே சமாளிப்பன் எண்டு நினைச்சன் சேர்."

"நல்லாத்தான் சமாளிச்சிருக்கிறீர். அவவின்ரை மனிசனுக்கு நீர் சோறு போடுறீர். வந்து சாப்பிட்டவரோ?"

லவீனா கையிலிருந்த பேனையைப் பார்த்தாள். விடிய மூடியைத் திறந்தபோது சோறு இருக்கவில்லை.

பக்கத்து ரியூட்டறியில் ஒலிவாங்கி வைத்து இரசாயனம் கத்திக்கொண்டிருந்த ஆசிரியரின் குரலுக்கும், காற்றாடியின் கிறீச்சுக்கும், ஒழுங்கையால் போன சைக்கிள் மணிகளுக்கும் நடுவே, கடற்காற்று எட்டாத அந்த அறையில் ஈரவலை மணத்தது. சேருக்கு மணக்கவில்லைப் போலும். எதிரே கிடந்த வெறுங்கதிரையைக் காட்டினார்.

"அதிலை போய் இரும். றெஜினாவாய்க் கதையும். முடிய உம்மடை கதிரைக்குத் திரும்பி வாரும். அப்பதான் அவ வேறை, நீர் வேறை எண்டு பிடிபடும்."

போய் இருந்தாள். கதைத்தாள். அவன் கடைசியாகப் போட்டுப்போன சறத்தின் நிறம், இடது காதோரத்துத் தழும்பு, படலையடியில் நின்று அவன் திரும்பிப் பார்க்காதது. இதெல்லாம் றெஜினா ஒருநாளும் சொல்லாதவை.

"காணும் பிள்ளை. இனித் திரும்பி வாரும்."

எழும்பப் பார்த்தாள். கால் வரவில்லை.

சேர் அவளைப் பார்க்கவும் இல்லை. லவீனாவின் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதில் லவீனா இருந்தாள்.

அதே சட்டை. அதே பேனை. முகத்தில் ஒரு தெளிவு.

"இப்ப மனம் இலேசாக் கிடக்குது சேர்."

"நல்லது. இனி ஆரையும் இப்பிடித் தனியச் சுமக்காதையும்."

"சேர், நான் இஞ்சை!" என்று கத்தினாள். "அவர் வருவார்" என்றுதான் வாயிலிருந்து வந்தது. அதுவும் றெஜினாவின் குரலில்.

சேர் குறிப்புக் கொப்பியை மூடினார். காற்றாடி நின்றது. இருவரும் வாசலுக்குப் போனார்கள்.

கதவைச் சாத்த முன்னர், அவளுடைய முகம் திரும்பிப் பார்த்துக் கனிவாகச் சிரித்தது.

"வாற கிழமையும் இதே நேரம் சந்திப்பம், றெஜினா அக்கா."