ஒரு லைஃப் குடு நைனா

சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ கேம் காசெட்டை ஊதியது ஹரிதாவுக்குக் கேட்டது.

பூ என்று ஒரு தரம். நின்று, மறுபடியும் பூ என்று ஒரு தரம். வாசலில் நின்றிருந்த மற்றவர்கள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. அத்தை கிருஷ்ணம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியிடம் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தாள். மாந்தோப்புக்குப் பின்னால் வெளிச்சம் வடிந்து பூச்சிகள் கத்தத் தொடங்கியிருந்தன, கதவிடுக்கு வழியாகக் கறிக்குழம்பு வாசனையும் ஊதுவத்தி வாசனையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன, தூரத்தில் வடமாலபேட்டை ரோட்டில் ஒரு லாரி கியர் மாற்றியது.

அப்படி ஒரு லாரிதான் புத்தூர் ரோட்டில் தம்பி ஹேமநாத்தைக் கொண்டுபோனது. இன்று அவனுக்கு வருஷத் திதி. அவனுக்குப் பிடித்ததையெல்லாம் போட்டோவுக்கு முன்னால் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். அவன் வந்து சாப்பிட்டுப் போகிற நேரம் அது. உயிரோடு இருப்பவர்கள் உள்ளே இருக்கக் கூடாது. பிறகு பெரியவர் ஒருவர் கதவைத் தட்டிவிட்டுத் திறப்பார்.

அவனுக்குப் பிடித்ததில் பெரியது அந்த டிவி கேம்தான். அக்காளும் தம்பியும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அப்பா திருவேங்கடம் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வாங்கி வந்தது. காசெட்டைத் தூசி போக ஊதிச் செருகினால்தான் ஓடும். அதில் ஒரு டேங்க் ஆட்டம். மஞ்சள் டேங்கும் பச்சை டேங்கும் சேர்ந்து, செங்கல் சுவருக்குள் இருக்கும் ஒரு கொடியைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஹேமநாத் லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்து விலை உசத்தியான போன் வாங்கிய பிறகும், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் அப்பாவோடு இதைத்தான் ஆடுவான். "போன்ல இருக்கறதெல்லாம் தனியா குந்திக்கினு ஆடறதுக்கா. இதுல பக்கத்துல நைனா இருக்காரு இல்ல" என்பான்.

ஆனால் சரியான அவசரக்குடுக்கை. அவனுடைய பச்சை டேங்க் எப்போதும் அப்பாவின் மஞ்சளுக்கு முன்னாலேயே வெடிக்கும். தன் உயிரெல்லாம் தீர்ந்துபோனால் ஒரு பட்டனை அமுக்கிக் கூட்டாளியின் கணக்கிலிருந்து ஓர் உயிரை எடுத்துக்கொள்ளலாம். கேட்காமல் எடுக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

"ஒரு லைஃப் குடு நைனா."

"எத்துக்கோடா."

ஒரு நாளும் அப்பா மாட்டேன் என்று சொன்னதில்லை.

மத்தியானம் அவர் டிவியைப் போட்டோவுக்குப் பக்கத்தில் நகர்த்தி, இரண்டு ஜாய்ஸ்டிக்கையும் இலைக்கு இருபுறமும் வைத்தபோது அத்தைக்குப் பிடிக்கவில்லை.

"செத்துப்போனவனுக்கு ஒரு எலைதான போடுவோம் அண்ணா? ரெண்டாவது ஜாய்ஸ்டிக் யாருக்கு?"

"அவன் தனியா ஆட மாட்டான் கிருஷ்ணம்மா."

அத்தை ஹரிதாவைப் பார்த்தாள். ஹரிதா ஜாய்ஸ்டிக் வயரை நேராக்கிவிட்டாள். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனிதரைத் தோப்புக்கு நடுவில் தனியே விடப் பயந்து, சித்தூருக்குத் தன்னோடு வரச் சொல்லி வருஷம் பூராவும் கெஞ்சியிருந்தாள். திதி முடியட்டும், வருகிறேன் என்று இப்போதுதான் ஒப்புக்கொண்டிருந்தார். அவர் துணிப்பை கட்டித் தயாராக இருந்தது. தம்பியைத்தான் பறிகொடுத்தாயிற்று, இவரையாவது கண்முன்னால் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தாள். இந்த நேரத்தில் ஒரு ஜாய்ஸ்டிக்குக்காக அவர் மனதைக் கெடுப்பானேன்?

உள்ளே ஆட்டம் தொடங்கும் மெட்டு ஒலித்தது.

யாராவது பட்டனை அமுக்கினால்தான் அந்த மெட்டு வரும். இல்லையென்றால் டிவி ஊமையாகத்தான் நிற்கும். ஹரிதாவுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம். தம்பி வந்துவிட்டான் என்று கண் நிறைந்துபோனது. டேங்குகள் உறுமுவதும் செங்கல் உதிர்வதும் கேட்க, அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று திரும்பிப் பார்த்தாள்.

"அத்தே, நைனா எங்க?"

"வெளக்கைத் தூண்டிட்டுப் பின்பக்கமா வரேன்னாரே. கால் கழுவிக்கினு இருப்பாரு."

ஹரிதா வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். பின்கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. தொட்டியருகே தரை காய்ந்து கிடந்தது. அவர் செருப்பு மட்டும் கதவோரம் ஒழுங்காக இருந்தது.

அப்போது கரண்ட் போனது. ஊர் மொத்தமும் இருண்டது. எங்கோ ஓடிக்கொண்டிருந்த மோட்டாரும் நின்றது.

ஆட்டம் நிற்கவில்லை.

கதவுக்கு அடியில் நீல வெளிச்சம் தரையை நக்கிக்கொண்டிருந்தது. குண்டுச் சத்தம். ஒரு டேங்க் வெடித்தது. கொஞ்சம் அமைதி. பிறகு அப்பாவின் குரல், சிரிப்போடு.

"எத்துக்கோடா."

யாரும் லைஃப் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஹரிதாவின் காதில் விழவில்லை.

அவள் வாசலுக்கு ஓடி வந்து கதவில் கை வைத்தாள். அத்தை அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஒத்தும்மா, தெறக்காதே! அவன் துன்னுக்கினு இருக்கறப்போ தெறக்கக் கூடாது!"

"உள்ள இருக்கிறது நைனா அத்தே!"

மறுபடியும் வெடித்தது.

"எத்துக்கோ." இந்தத் தடவை சிரிப்பு இல்லை. மாடிப்படி ஏறியவர் போல மூச்சு வாங்கியது.

அந்த ஆட்டத்தில் கொடுப்பதற்கு உயிர் அதிகம் இருக்காது. அது ஹரிதாவுக்குத் தெரியும்.

"நைனா, குடுக்காதே! இல்லேன்னு சொல்லு நைனா!"

கதவைத் தட்டினாள். இரண்டு கையாலும் அடித்தாள். உள்ளே ஏதோ வெடித்தது. அமைதி.

"எத்...துக்கோ."

அத்தையை உதறினாள். தோளால் இடித்தாள். உள்பக்கத் தாழ்ப்பாள் தெறித்தது.

கறி வாசனை. அணைந்த விளக்கின் புகை. நீல வெளிச்சம்.

அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஜாய்ஸ்டிக். கண் திறந்திருந்தது. இலையில் சோற்றை இரண்டு பக்கமிருந்தும் யாரோ தோண்டித் தின்றிருந்தார்கள்.

"நைனா."

தொட்டாள். சில்லென்றிருந்தது. மூக்கருகே விரல் வைத்தாள். ஒன்றுமில்லை. அவர் மார்பில் காதை அழுத்திக்கொண்டு அழுதாள். ஒன்றுமே இல்லை.

திரையில் மஞ்சள் டேங்க் இல்லை. அவர் பக்கத்துக் கணக்கில் பூஜ்யம். பச்சை டேங்க் மட்டும் தனியாக ஓடியது. இலைக்கு அந்தப் பக்கம், ஆள் இல்லாத இடத்தில், இன்னொரு ஜாய்ஸ்டிக்கின் பட்டன்கள் தாமாகவே தாழ்ந்து தாழ்ந்து எழுந்தன.

நின்றன.

பச்சை டேங்க் கொடியருகே வந்து, மஞ்சள் டேங்க் புறப்படும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றது. காத்திருந்தது. யாரோ எதையோ கேட்டது போல அந்த அறை ஒரு கணம் அடங்கியது.

பிறகு அந்தப் பக்கமிருந்து, ஒரு வருஷமாக அவள் கேட்காத குரல்.

"எத்துக்கோ நைனா."

காதுக்குக் கீழே மார்பு அசையவில்லை. அவர் கட்டைவிரல் மட்டும் மெல்லத் தாழ்ந்து பட்டனை அமுக்கியது.

மஞ்சள் டேங்க் புறப்பட்டது.