புதன்கிழமை இலை

அலுவலகத்தைத் திறந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் வந்துவிட்டாள். குடுக்கைக்கு உள்ளூரச் சந்தோஷம். வேலை தானாக நடந்து வந்து நாற்காலியில் உட்காருவது எப்போதாவது நடக்கிற காரியம். வீட்டில் அவனுக்கு வைத்த பெயர் அவசரக்குடுக்கை. முழுதாகக் கூப்பிடச் சோம்பல்பட்ட அண்ணன் பாதியை வெட்டிவிட்டான். அண்ணனின் மனைவி துப்பறியும் தொழில் நடத்துகிறாள், கொழுந்தன் அவளுக்கு உதவுகிறான். உதவி என்பது அவன் வைத்துக்கொண்ட பெயர். அண்ணியைக் கேட்டால் ஒரு புன்னகைதான் கிடைக்கும்.

வந்தவள் கோதுமை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்ப்பவள். அவள் அப்பாதான் அங்கே தலைவர்; கணவனும் அங்கேதான். அப்பா தலை நரைக்க நரைக்கப் பாடுபட்டு ஒரு புதுக் கோதுமை ரகத்தை உருவாக்கியிருந்தார். கண்ணாடிக் கூடத்தில் பொத்திப் பொத்தி வளர்த்த அந்தச் செடிகளில் திடீரென்று துரு என்ற பூஞ்சை நோய். நோய் பிடித்த வயல்களைச் சுற்றிப் பார்ப்பது அவள் கணவனின் வேலை. அவன்தான் கொண்டுவந்து சேர்த்தான் என்று அப்பா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அவன் மறுநாளே ராஜினாமா எழுதிக் கொடுத்து, வேறு ஊரில் வேலையும் தேடிக்கொண்டான். வெள்ளிக்கிழமை ரயில்.

"கூட வர்றியா, இங்கயே இருக்கியான்னு அவர் என்னைக் கேட்கவே இல்ல," என்றாள் அவள். "அதுதான் தாங்கல."

அவர் செய்யவில்லை என்று நிரூபிக்க வேண்டுமா என்று அண்ணி கேட்டாள்.

"யார் செஞ்சதுன்னு கண்டுபிடிங்க. அவர்தான்னாலும் சொல்லிடுங்க. ஆனா அப்பா முன்னால வச்சு நீங்க சொல்லணும்."

அன்றைக்கே போனார்கள். கண்ணாடிக் கூடத்தின் வாசலில் பெரியவர் காவல் நிற்பது போல நின்றிருந்தார். செருப்பைக் கழற்றி அங்கே இருந்த ரப்பர் செருப்பைப் போடச் சொன்னார். சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னார். சட்டைக்கு மேல் வெள்ளைக் கோட்டு மாட்டச் சொன்னார். கைக்கடிகாரம், பேனா, ஃபோன் எல்லாம் வெளியே ஒரு டப்பாவில். குடுக்கையின் கேமராவையும் பிடுங்கி வைத்துக்கொண்டார். கேமரா இல்லாத குடுக்கைக்கு ஒரு கை குறைந்த மாதிரி இருந்தது.

உள்ளே வரிசை வரிசையாகத் தொட்டிகள். ஒரு தொட்டி பெரியவரின் ரகம், அடுத்தது மாப்பிள்ளை வளர்க்கும் வேறொரு ரகம் என்று மாற்றி மாற்றி வைத்திருந்தார்கள். பெரியவரின் செடிகளில் இலை நெடுகக் காவிநிறப் பொடி; நோயைப் பரப்பும் வித்து அதுதான். தொட்டுப் பார்த்தால் துருப்பிடித்த ஆணியைத் தொட்டது போல விரலில் ஒட்டியது. மாப்பிள்ளையின் செடிகளில் இப்போதுதான் ஒன்றிரண்டு புள்ளி தெரிந்தது.

"முதல்ல வந்தது என் செடிக்கு மட்டும்தாம்மா," என்றார் பெரியவர். "அதுவும் ஒவ்வொண்ணுலயும் மேல் இலையில. பக்கத்துலயே இருக்கு அவரோட செடி, ஒரு புள்ளி இல்ல. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

அவர் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றி, கழுத்துக் கயிற்றில் தொங்கிய மடக்கு லென்ஸை வெளியே எடுத்து, ஒரு செடியின் மேல் இலையில் லென்ஸும் மூக்கும் உரசக் குனிந்தார். காய்ச்சல்காரக் குழந்தையின் நாக்கைப் பார்ப்பது போலப் பார்த்தார். நோய் வருவதற்கு முன்பும் தினமும் இப்படித்தான் தன் செடிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பாராம், துரு அண்டியிருக்கிறதா என்று. இத்தனை கண்காணித்தும் வந்துவிட்டதே என்று சொல்லிக்கொண்டே அடுத்த செடிக்கு நகர்ந்தார். குடுக்கைக்கே பாவமாக இருந்தது.

மாப்பிள்ளையின் ரகம் துருவைத் தாங்கக்கூடியதா என்று அண்ணி கேட்டாள். இரண்டுமே இந்தத் துருவுக்கு ஒரே மாதிரிதான் விழும் என்றாள் மகள்.

வெளியே வந்ததும் குடுக்கையால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மாமனார் செடியை ஒழித்தால் தன் ரகம் முன்னால் வரும் என்று மாப்பிள்ளை போட்ட திட்டம் இது, கண் இருக்கிறவனுக்கெல்லாம் தெரியும் என்றான். அண்ணி தலையை ஆட்டினாள். அது ஆமாம் என்று ஆட்டியதா, இல்லை என்று ஆட்டியதா என்பது இத்தனை வருஷமாகியும் அவனுக்குப் பிடிபடாத விஷயம்.

பெரியவரின் அறையில் மேசைமேல் ஒரு பழுப்பு உறை பிரிந்து கிடந்தது. உள்ளே காய்ந்த கோதுமை இலைகள். கண்ணாடிப் பலகையில் மெல்லிய காவித் தூசி. மாப்பிள்ளை நோய் வயலிலிருந்து அனுப்பிய மாதிரிகள். அவை, செடியில் புள்ளி தெரிவதற்கு முந்தைய வாரம் திங்கட்கிழமை வந்து சேர்ந்தன. மாப்பிள்ளை ஊரிலிருந்து திரும்பியது அந்த வாரம் வியாழக்கிழமை. வந்த கையோடு கூடத்துக்குள் போனாராம். உறையைப் பிரித்தபோது கையுறை போட்டிருந்தேன், பிறகு கோட்டை மாற்றினேன், கை கழுவினேன் என்று அண்ணி கேட்காமலே பெரியவர் சொன்னார்.

மகளின் அறையில் ஒரு பெரிய ஃப்ரீசர் பெட்டி இருந்தது. பூஞ்சை தாக்கும்போது கோதுமைக்குள் சிறு ஆர்.என்.ஏ. துணுக்குகள் எப்படி மாறுகின்றன என்பது அவள் ஆராய்ச்சி. குடுக்கைக்குப் புரியும்படியாக அவளே விளக்கினாள். எந்த மரபணு பேசலாம், எது வாயை மூட வேண்டும் என்று செடிக்குள் ஆணையிடுவது இந்தத் துணுக்குகள்தான். நோய் வந்தவுடன் செடி சிலதைக் கூட்டும், சிலதைக் குறைக்கும். பூஞ்சையும் லேசுப்பட்டதல்ல. தன்னுடைய துணுக்குகளைச் செடிக்குள் அனுப்பி, எதிர்த்து நிற்கும் மரபணுக்களின் வாயை அடைக்கப் பார்க்கும். புள்ளி கண்ணுக்குத் தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். இந்தச் சண்டையோ உள்ளே முதல் நாளே தொடங்கிவிடும்.

நோயில்லாத செடியோடு ஒப்பிட வேண்டும் என்பதற்காக வாராவாரம் புதன்கிழமை இரண்டு ரகத்திலும் இலை நறுக்கி உறையவைப்பாள். மாப்பிள்ளை திரும்புவதற்கு முந்தைய நாளின் இலையும் பெட்டியில் இருந்தது. துணுக்குகளைப் பிரித்து, வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிப் படித்து, கணக்குப் போட எவ்வளவு நாளாகும் என்று குடுக்கை கேட்டான். எவ்வளவு அவசரப்பட்டாலும் ஒரு வாரம் என்றாள். அந்தப் புதன்கிழமை இலையைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணி கிளம்பினாள்.

போகிற வழியில் மாப்பிள்ளையை அவன் வீட்டில் பார்த்தார்கள். புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். நான் செய்யவில்லை என்று மாமாவிடம் ஏன் வாதாடவில்லை என்று அண்ணி கேட்டாள்.

"வியாழக்கிழமை நான் தலைக்குக் குளிச்சிட்டுத்தான் உள்ள போனேன். ஆனா ஒட்டியிருக்கவே முடியாதுன்னு எப்படிச் சத்தியம் பண்றது? ஒருவேளை நான்தானோன்னு எனக்கே சந்தேகமா இருக்குங்க."

திட்டம் போட்டவன் இப்படிப் பேசுவானா என்று குடுக்கைக்கு முதல்முறையாகத் தோன்றியது.

மறுநாள் காலை மகளிடமிருந்து முடிவு வந்துவிட்டது என்று ஃபோன். அண்ணி எல்லோரையும் பெரியவரின் அறையில் கூட்டினாள். மாப்பிள்ளை மட்டும் வரவில்லை.

"சார், அந்தப் புதன்கிழமை இலையில துருப் பூஞ்சையோட துணுக்குகள் இருக்கு," என்று அண்ணி ஆரம்பித்தாள். "அதுக்கு முந்தின வாரத்து இலையில இல்ல. மாப்பிள்ளை வந்தது வியாழக்கிழமை. அவர் வர்றதுக்கு முன்னாடியே நோய் உள்ள வந்தாச்சு."

காற்றில் வந்திருக்கலாமே என்றார் பெரியவர்.

"காத்து ஆள் பார்த்து உட்காராது. தண்ணி தெளிக்கிறதும் எல்லாத் தொட்டிக்கும் ஒண்ணுபோலத்தான். அவர் செடியோட புதன்கிழமை இலை சுத்தமா இருக்கு. உங்க செடியை மட்டும், அதுலயும் மேல் இலையை மட்டும், தினம் ஒண்ணு விடாமத் தொட்டது யாரு?"

"நான்தான். ஆனா கை கழுவினேனே."

"கழுவினீங்க. கோட்டையும் மாத்தினீங்க. திங்கட்கிழமை அந்த உறையில இருந்த இலைகளை எதால பார்த்தீங்க, சார்?"

பெரியவரின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. ஊராரின் பேனாவையும் கடிகாரத்தையும் பிடுங்கி வைக்கிறவர், தன் கழுத்தில் கிடப்பதைத் தன் உடம்பில் ஒரு பாகமாகவே நினைத்துவிட்டார். நோய் இருக்கிறதா என்று பார்க்கப் பார்க்கத்தான் நோய் பரவியிருக்கிறது.

அவர் லென்ஸைக் கழற்றினார். லென்ஸின் மடிப்பில் ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்தார். மைக்ராஸ்கோப்பில் வைத்துத் தானே பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது, "நிறைய இருக்கு," என்று மட்டும் சொன்னார். அவரைக் கையும் களவுமாகப் பிடித்த பெருமை வரும் என்று நினைத்திருந்தான் குடுக்கை. வந்தது துக்கம்தான்.

அண்ணி மகள் பக்கம் திரும்பினாள்.

"ஒரு வாரம் ஆகும்னு சொன்ன வேலையை ஒரே நாள்ல முடிச்சிட்டீங்க. எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் இல்லை என்பது தெரியும், அப்பாவாகத்தான் இருக்கும் என்று ஊகித்தேன் என்றாள்.

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே," என்றார் பெரியவர்.

"சொன்னா நம்பியிருப்பீங்களா? புருஷனுக்காகப் பேசறான்னுதானே சொல்லியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். "ஆமா. அப்படித்தான் சொல்லியிருப்பேன்."

"அது மட்டும் இல்லப்பா. உங்க செடியைக் கொன்னது நீங்கதான்னு என் வாயால சொல்ல முடியல. நாளைக்கு அவர் போயிடுவார்னு தெரிஞ்சும் முடியல."

அவள் அழுதாள். பெரியவர் அவள் தலையில் கை வைக்கப் போய், என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டு குழாயடியில் போய் நன்றாகக் கழுவிவிட்டு வந்து வைத்தார். பழக்கதோஷம். அதைப் பார்த்துக் குடுக்கைக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"மாப்பிள்ளை வீட்லதானே இருக்கார்?" என்று கேட்டார். அவளும் கூடக் கிளம்ப எழுந்தாள். வேண்டாம் என்று தடுத்தார்.

"எல்லார் முன்னாலயும் சொன்னது நான். நாளைக்கு எல்லாரையும் கூப்பிட்டு, நான்தான்னு சொல்றேன். அதுக்கு அவரும் இங்க இருக்கணும். நானே போய்க் கேட்டுக்கறேன்."

மாப்பிள்ளை இருந்துவிடுவாரா என்று குடுக்கை அண்ணியிடம் கிசுகிசுத்தான். அண்ணிக்கும் அது தெரியவில்லை. மூட்டுவலிக்காரரான பெரியவர் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து வெளிப்பக்க மாடிப்படி இறங்கிப் போவதை மூன்று பேரும் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.