தும்பி வளர்த்த வீடு

கொசுக்கடி என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தடிக்கும். ரூபியின் இடது முன்கையின் உட்புறத்தில் இருந்த தடிப்புகள் அப்படி இல்லை. டம்ளரின் வாயைத் தோலின் மேல் கவிழ்த்து, அதற்குள் மட்டும் கடிக்கச் சொன்னதுபோல, ஒரு வட்டத்துக்குள் சிவந்த புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. வட்டத்துக்கு வெளியே ஒன்றுகூட இல்லை.

அவள் கட்டிலில் உட்கார்ந்தபடியே மற்றக் கையைப் பார்த்தாள். கால்களைப் பார்த்தாள். கழுத்தைத் தடவிப் பார்த்தாள். எங்கும் எதுவும் இல்லை. திரைச்சீலையின் ஓரம் வழியாகப் பிற்பகல் வெயில் ஒரு கோடாக உள்ளே விழுந்திருந்தது. ஒன்பது மாடிக்குக் கீழே ரோவல் ரோட்டில் லாரி ஒன்று பின்னால் எடுக்கும் பீப் சத்தம் கேட்டது. நாக்கில் ஒரு கசப்பு. தலை, ஈரத்துணி சுற்றியதுபோலக் கனத்தது. மருத்துவமனையில் நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து படுப்பவள்தான், களைப்பு புதிதல்ல. ஆனால் சில வாரங்களாக இந்தத் தூக்கம் தூக்கமாக இல்லை. கிணற்றுக்குள் இறக்கிவிட்டு, மாலையில் கயிறு போட்டுத் தூக்குவதுபோல இருந்தது.

பக்கத்து அறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கண்ணாடித்தாளை யாரோ மெதுவாக, நிறுத்தி நிறுத்திக் கசக்குவதுபோன்ற சத்தம். கூடவே தரை துடைக்கும் மருந்தின் எலுமிச்சை வாசனைக்கு அடியில், குளத்தின் ஓரத்தில் இலை அழுகும் வாசனை.

அது கிளாரிசாவின் அறை.

ஐந்து வயது மகளுக்குப் போன ஜூன் விடுமுறையில் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் ரூபி மருந்து கொடுத்தாள். எத்தனையோ டெங்கி நோயாளிகளைப் பார்த்த நர்ஸ், தன் பிள்ளையைப் பார்த்தபோது அம்மாவாக மட்டும் இருந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது கிளாரிசாவின் ஈறுகளிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பிறகு நீண்ட கையுறை போட்ட அதிகாரிகள் வந்து, வீட்டில் இருந்த பூச்சட்டி, வாளி, குளியலறைக் குழாய் எல்லாவற்றுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஒரு புழுகூட இல்லை. எங்கே பிறந்து எங்கே கடித்த கொசு என்று யாருக்கும் தெரியவில்லை.

மேக்ஸ்வெலால் அதைத்தான் தாங்க முடியவில்லை. கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன் அவன். ஒவ்வொரு விபத்துக்கும் ஒரு காரணம் உண்டு, அதைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டால் அடுத்தது நடக்காது என்று பிறருக்குச் சொல்லிக்கொடுத்தே பழகியவன். அடக்கம் முடிந்ததும் வேலையை விட்டான். அப்போது ரூபியின் வயிற்றில் சேவியர் இருந்தான். அவன் பிறந்ததும் குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வேலைக்குப் போ என்றான் மேக்ஸ்வெல். பகலில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கிளாரிசாவின் அறையில் வரிசையாக வைத்த தொட்டிகளில் தும்பி வளர்த்தான்.

கொசுவைத் தின்னும் பூச்சி. தண்ணீருக்குள் புழுவாக இருக்கும்போது கொசுப்புழுவைத் தின்னும். இறக்கை முளைத்து வெளியே வந்தால் பறக்கும் கொசுவைத் தின்னும். ஊரில், தூத்துக்குடியில், தட்டான் என்று வால் பிடித்து விளையாடியதுதான். மேக்ஸ்வெல் ஒவ்வொன்றையும் விரல் நுனியில் ஏற்றி, தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்து, "போ" என்பான். அது வெயிலில் ஒரு கணம் சிவப்பாக மின்னி, பக்கத்து பிளாக்கை நோக்கிப் போகும். அப்போது மட்டும் அவன் முகத்தில் பழைய மேக்ஸ்வெல் வந்து போவான். ரூபி அதற்காகவே ஒன்றும் கேட்காமல் இருந்தாள்.

அன்று மாலை குழந்தையோடு தாழ்வாரத்தில் நின்றபோது பக்கத்து வீட்டு நூர்தீன் பேச்சுக் கொடுத்தார்.

"என்னம்மா, முகம் வெளுத்துக் கெடக்கு? ஓவர்டைமா?"

"அதெல்லாம் இல்லண்ணே. தூக்கம் சரியில்ல. கொசு வேற கடிச்சிருக்கு."

"கொசுவா?" நூர்தீன் சிரித்தார். "எங்க லா கொசு? உங்க வீட்டுக்காரரு தட்டான் விட ஆரம்பிச்சதிலேருந்து இந்த லெவல்ல ஒரு கொசு கெடையாது. நாங்க கதவைத் தொறந்து போட்டுத்தான் தூங்குறோம். எம்மவ வீடு கீழ் மாடி, அங்கயும் இல்லயாம்."

ரூபி கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

சமையலறையில் மேக்ஸ்வெல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். இந்த வெக்கையிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான் போட்டிருந்தான். எப்போதிலிருந்து இப்படி என்று அவள் யோசித்தாள். நினைவு வரவில்லை.

"உங்க தும்பிப் புழுவுக்கு என்ன தீனி போடுறீங்க?"

"கொசுப்புழு."

"அதுக்கு எங்க போறீங்க?"

"எங்கயும் போகல. இங்கயே வளர்க்குறேன்." அவன் கத்தி நிற்கவில்லை. "கடையில விக்கிற புழுவ அது சரியா தின்னாது. உயிரோட நெளியணும்."

கொசு முட்டையிட வேண்டுமானால் அதற்கு என்ன வேண்டும் என்று நர்ஸுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் அதைக் கேட்கவில்லை. கேட்டால் அவன் பதில் சொல்லிவிடுவான் என்று பயந்தாள்.

மறுநாள் காலை வேலையிலிருந்து வந்ததும் வழக்கம்போல் மேக்ஸ்வெல் தேநீர் கொண்டுவந்து வைத்தான். இஞ்சி தூக்கலாகப் போட்ட தேநீர். அவன் சேவியருக்கு நாப்கின் மாற்றப் போன நேரத்தில் அவள் அதைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றினாள். படுத்தாள். கண்ணை மூடினாள்.

தான் நினைத்தது தப்பாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள்.

கதவு திறந்தது. வெறுங்கால் நடை. குளத்து வாசனை முதலில் வந்தது. பிறகு கட்டிலின் ஓரம் ஒரு பக்கம் அமிழ்ந்தது. அவள் கையை அவன் எடுத்தான், தூங்கும் பிள்ளையின் கையை எடுப்பதுபோல அவ்வளவு பதமாக. உட்புறத்தைத் திருப்பினான். ஏதோ ஒன்று தோலில் அழுந்தியது. வட்டமாக. ஜில்லென்று. வலைத்துணியின் சொரசொரப்பு. ரப்பர் பட்டை இறுகியது.

ரீங்காரம்.

ஒரு குத்து. இன்னொன்று. பிறகு எண்ண முடியாத பல.

அவன் மெல்ல முனகிக்கொண்டிருந்தான். கிளாரிசாவுக்குச் சோறூட்டும்போது முனகும் அதே ராகம்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"முழிச்சிட்டியா?" மேக்ஸ்வெல் திடுக்கிடவில்லை. "அசையாத ரூபி. பாதியில எடுத்தா வயிறு நெறையாது. முட்டை சரியா வராது."

அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா கட்டப்பட்டிருந்தது. அதற்குள் வெள்ளைக்கோடு போட்ட கால்கள். கறுத்திருந்த வயிறுகள் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பாக உப்பின.

"என்னோடது பத்தல," என்றான், மன்னிப்புக் கேட்கும் குரலில். சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கையை ஏற்றிக் காட்டினான். மணிக்கட்டிலிருந்து தோள்வரை வட்டத்தின்மேல் வட்டமாக, மீன் செதில்போல, ஆறியவையும் சீழ் கோத்தவையும். "எடமே இல்ல, பாரு. நீ ராத்திரி முழுக்க நின்னு வேலை பாக்குற. வலி தெரியாம தூங்கட்டுமேன்னுதான் மாத்திரை போட்டேன். பயப்படாத, இதுக்கு நோய் கெடையாது. முட்டையிலேருந்து நான் வளர்த்தது. சுத்தமான கொசு."

அவள் கையை உதறினாள். டப்பா சுவரில் மோதித் தெறித்தது. கொசுக்கள் ரத்தபாரத்தோடு தாழப் பறந்தன.

"மிதிச்சிராத!" என்று அலறினான் மேக்ஸ்வெல்.

தரையில் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து, ஒன்றுக்கும் அடிபடாமல் ஒவ்வொன்றாக அவன் பிடித்து டப்பாவுக்குள் விட்டான். மகளைக் கொன்ற அதே பூச்சி. அவ்வளவு மென்மையாக.

"இன்னைக்கே எல்லாத்தையும் கொட்டணும்," என்றாள் ரூபி. "இல்லன்னா சேவியரத் தூக்கிட்டு காத்தோங்ல அமலாக்கா வீட்டுக்குப் போயிருவேன். திரும்பி வரமாட்டேன்."

அவன் அழுதான். சரி என்றான். தொட்டிகளை ஒவ்வொன்றாகச் சுமந்துவந்து குளியலறைத் தரையில் கவிழ்த்தான். தும்பிப் புழுக்கள் ஈரத்தரையில் துள்ளின. முகத்துக்கு அடியில் மடிந்திருந்த தாடை நீண்டு நீண்டு காற்றைக் கவ்வியது. ரூபி கேத்தலில் வெந்நீர் கொதிக்கவைத்து ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள். அவன் கதவருகே நின்று, அந்தச் சத்தத்தைக் கடைசிவரை கேட்டான். அவன் முகத்தைப் பார்க்கையில், கிளாரிசாவின் பெட்டியை மூடியபோது நின்ற மாதிரியே நிற்கிறான் என்று தோன்றியது. அவள் இன்னொரு கேத்தல் வைத்தாள்.

அதன்பின் அவன் நல்லவனாக இருந்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தான். பங்குச் சாமியாரிடம் தனியாகப் பேசினான். அறையைக் கழுவி, இளம்பச்சை அடித்து, "இனிமே இது சேவியர் ரூம்" என்றான். அவள் அக்கா அமலா போனில், "எதுக்கும் பிள்ளைய இங்க கொண்டாந்து விடு ரூபி" என்று இரண்டு தடவை சொன்னாள். ரூபி பார்க்கலாம் என்றாள். ராத்திரி பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். பகலில் அவள் தூங்க வேண்டும். கையிலிருந்த வட்டம் பழுப்பாகி, மங்கி, மறைந்தது. அவன் மாறிவிட்டான் என்று நம்புவதற்கு அவளுக்கு அவ்வளவு போதுமாயிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலை வேலை முடிந்து சிராங்கூன் ரோட்டில் நடந்து வந்துகொண்டிருந்தாள். பூக்கடைகளில் மல்லிகையைக் கொட்டிக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். போன் அதிர்ந்தது. மேக்ஸ்வெல்.

*வரும்போது பார்மசில பிள்ளைக்கு அயர்ன் டிராப்ஸ் வாங்கிட்டு வா. இன்னைலேருந்து குடுக்கணும்.*

சேவியருக்கு எதற்கு இரும்புச்சத்து? போன வாரம்தான் பாலிகிளினிக்கில் பார்த்தார்கள். நல்ல எடை, நல்ல ரத்தம் என்றார்கள்.

நல்ல ரத்தம்.

அவள் ஓடினாள். பூக்கூடையைத் தட்டிவிட்டது தெரிந்தது. பின்னால் யாரோ திட்டியது கேட்டது. சிக்னல் சிவப்பு. ஓடினாள். போன் அடித்தாள். அவன் எடுக்கவில்லை. லிப்ட் ஒவ்வொரு மாடியாக ஏறியது. கதவு திறந்தது.

நூர்தீன் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார். "வாம்மா, இந்த அதிசயத்தப் பாத்தியா? எல்லாம் திரும்பி வந்துட்டு லா."

சேவியரின் அறை ஜன்னல் கம்பி சிவந்திருந்தது. தும்பிகள். ஒன்றின்மேல் ஒன்றாக. எல்லாத் தலைகளும் உள்பக்கம் பார்த்தபடி. கண்ணாடியில் முட்டி முட்டி, கண்ணாடித்தாள் கசங்கும் சத்தம்.

சாவி பூட்டுக்குள் போகவில்லை. திருப்பிப் பிடித்துக் குத்தினாள். போனது.

வீடு அமைதியாக இருந்தது. அழுகை இல்லை. மேசையில் பால் புட்டி, பாதி காலியாக. பக்கத்தில் ஒரு கரண்டி. கரண்டியின் அடியில் வெள்ளைப் பொடி.

அறைக்கதவைத் தள்ளினாள்.

தொட்டிலின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு மேக்ஸ்வெல் உட்கார்ந்திருந்தான். உதட்டில் விரல் வைத்தான்.

"சத்தம் போடாத. இப்பத்தான் தூங்குனான்." கண்கள் ஈரமாக மின்னின. "இவன் ரத்தம் புதுசு ரூபி. எவ்வளவு சீக்கிரம் குடிக்குது பாரு. நம்ம ரெண்டு பேரும் வீணா கஷ்டப்பட்டோம்."

தொட்டிலின் மேல் வெள்ளைக் கொசுவலை.

கொசு உள்ளே போகாமலிருக்கக் கட்டிய வலை அல்ல அது. வெளியே வராமலிருக்க.

அவள் பாய்ந்து வலையின் விளிம்பைத் தேடினாள். விளிம்பு இல்லை. மெத்தையோடு சேர்த்துத் தைத்திருந்தான். சுற்றிலும். நெருக்கமான, அழகான, சிறு தையல். நகம் வழுக்கியது. பல்லால் கடித்து இழுத்தாள். உள்ளிருந்து அவள் உதட்டில் குத்தின.

"கிழிச்சிராத," என்றான் அவன், கெஞ்சும் குரலில். "எல்லாம் போயிரும்."

வலைக்குள் சேவியர் தூக்கத்திலேயே முகத்தைத் திருப்பினான். அவன் கன்னத்தை மூடியிருந்த கருப்பு ஒரு கணம் மொத்தமாக மேலே எழுந்தது. அடியில் சுண்ணாம்புபோல வெளுத்த தோல் தெரிந்தது. பிறகு அது, அவசரமில்லாமல், திரும்பவும் அமர்ந்தது.