மாடிப்படி மூலையில் ஒரு தலைவி

எங்கள் பள்ளி நூலகத்தில் குழாய் உடைந்தது. அன்று ஆசிரியர் என்னைத்தான் தலைவியாக்கினார். அறிவைப் பார்த்து அல்ல. வகுப்பிலேயே பெரிய தொண்டை என்னுடையது.

"நான் ஓடிப்போய் மெயின் குழாயை மூடப் பாக்குறேன். அதுக்குள்ள புத்தகமெல்லாம் மாடிக்குப் போயாகணும்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

தண்ணீருக்கும் அலமாரியின் கீழ்த்தட்டுக்கும் நடுவே நான்கு விரல் உயரம்தான்.

நான் முக்காலியில் ஏறி நின்றேன். தலைவி என்றால் உயரமாக நிற்க வேண்டாமா?

"எல்லாரும் மாடி வரைக்கும் வரிசையா நில்லுங்க! கைமாத்திக் கொடுங்க! ஒரு தடவைக்கு அஞ்சு புத்தகம்!"

வரிசை ஜோராக ஓடியது. கொஞ்ச நேரத்தில் அப்படியே நின்றுவிட்டது.

"யாரு அங்க தூங்குறது?" என்று கத்தினேன்.

"கொசுதான்!" என்றான் நெட்டை. கொசு எங்கள் வகுப்பிலேயே சின்னப் பெண். மாடிப்படி திரும்பும் மூலையில் நின்றிருந்தாள்.

"கொசு, சீக்கிரம்!"

"நீ சீக்கிரம்னு கத்துனா புத்தகம் எடை குறையுமாடி?"

வரிசை முழுக்கச் சிரிப்பு. என் காது சூடாகிவிட்டது.

"அவளை மாத்திடு" என்றான் நெட்டை. அதைச் சொல்லத்தான் விறுவிறுவென்று படியேறினேன்.

மூலையில் நிற்பவர், ஐந்து புத்தகக் கட்டை வாங்கி, உடம்பைத் திருப்பி, மேல்படியில் நிற்பவனுக்குத் தலைக்கு மேலே தூக்கிக் கொடுக்க வேண்டும். கொசுவின் கை முழுக்கச் சிவப்புக் கோடுகள். ஆனாலும் ஒரு புத்தகத்தைக்கூட அவள் கீழே போடவில்லை.

"தள்ளு, எப்படின்னு நான் காட்டுறேன்."

முதல் கட்டு போனது. இரண்டாவதை முழங்காலில் முட்டுக்கொடுத்துத்தான் தூக்கினேன். மூன்றாவது நேராக என் காலில் விழுந்தது.

"ஆ!"

"இப்ப யாரு தூங்குறது?" என்றாள் கொசு.

வலியைவிட வெட்கம்தான் அதிகம். ஆனால் கீழே தண்ணீர் வெட்கத்துக்காகக் காத்திருக்காது. மூச்சை இழுத்து, முழுத் தொண்டையில் கத்தினேன்.

"எல்லாரும் கேளுங்க! அஞ்சு அஞ்சா கொடுக்கச் சொன்னது என் தப்பு! இனிமே ரெண்டு ரெண்டு! மூலையில நானும் நிக்கிறேன்!"

"ரெண்டு ரெண்டா கொடுத்தா விடிஞ்சுடும்!" என்றான் நெட்டை.

"நிக்காம போனா போதும். கொடுடா!"

கொசு வாங்கினாள். நான் தூக்கினேன். வாங்கினாள், தூக்கினேன். வரிசை மறுபடி ஓடத் தொடங்கியது. அதற்கப்புறம் நிற்கவே இல்லை.

முழங்கால் வரை நனைந்து ஆசிரியர் திரும்பி வந்தார். "குழாயை மூடியாச்சு. உள்ள இருக்கிற தண்ணிதான் இன்னும் வருது. தலைவி எங்க?"

"சார், வழியில நிக்காதீங்க. இதைப் பிடிங்க!"

என் குரலைக் கேட்டதும் அவர் திகைத்தார். பிறகு இரண்டு புத்தகங்களை வாங்கி மேலே கொடுத்தார். அடுத்த இரண்டுக்கும் கையை நீட்டினார்.

தண்ணீர் கடைசியில் கீழ்த்தட்டைத் தொட்டுவிட்டது. ஆனால் நனைக்கத்தான் அங்கே ஒரு புத்தகம்கூட இல்லை.