மூன்று, ஒன்று, இரண்டு

அந்த வீட்டில் அழைப்பு மணியை யாரும் அழுத்துவதில்லை. மூன்று தட்டு, பிறகு ஒன்று, பிறகு இரண்டு. இடையில் ஒரு மூச்சு விடும் நேரம். ஆதிரை நடக்கப் பழகிய வயதிலேயே அதையும் பழகிக்கொண்டாள். ஏன் என்று கேட்டதில்லை. அப்படித் தட்டினால் அப்பா வந்து திறப்பார், யாரென்று கேட்கமாட்டார். கேட்கத் தேவையில்லாமல் இருக்கத்தானே அந்தத் தட்டல்.

தை மாதத்துத் திங்கட்கிழமை. மாலை ஐந்து மணிக்கே ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரம் முழுக்க இருட்டிவிட்டது. அவள் ஆய்வுகூடத்திலிருந்து திரும்பி, நான்காம் மாடிக் கதவில் தட்டினாள். உள்ளே செருப்புச் சத்தம் வந்து, கதவுக்கு அப்பால் நின்றது.

"ஆரது?" என்றார் அப்பா.

"நான்தானப்பா. ஆதிரை. வேறை ஆர் இப்பிடித் தட்டுறது?"

செருப்பு அங்கேயே ஒருமுறை இழுபட்டது.

"அதைத்தான் பிள்ளை நானும் கேக்கிறன்," என்றார். பிறகுதான் திறந்தார்.

வீட்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. மதியம் சூடாக்கிய மீன்குழம்பு மூடாமல் இருந்து ஆடை படிந்து மணத்தது, ஹீட்டர் ஒரே சீராக இரைந்தது, தொலைக்காட்சியின் நீல வெளிச்சம் சுவரிலும் சோபாவிலும் அம்மா மடித்து வைத்துவிட்டுப் போன உடுப்புகளிலும் அசைந்துகொண்டிருந்தது. அம்மா பெரியம்மாவின் மகளின் கலியாணத்துக்குப் பாரிஸ் போய் மூன்று நாள். அப்பாவுக்கு இலையுதிர் காலத்தில் இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். நீண்ட பயணம் வேண்டாம் என்று வைத்தியர் சொன்னதால் அவர் போகவில்லை. ஆதிரைதான் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மாவுக்குச் சொல்லியிருந்தாள்.

திரையில் யாரோ ஒருவர் கமராவைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தார். பேச்சில்லை, இசையில்லை. உறைபனியில் சப்பாத்து நறுக் நறுக்கென்று பதியும் சத்தம் மட்டும். சிவப்புச் செங்கல் கோட்டைச் சுவர், அதன் கீழே ஆற்றை நோக்கி இறங்கும் மிக நீண்ட படிக்கட்டு, அதற்கும் கீழே வெள்ளையாக உறைந்து கிடக்கும் வொல்கா. ஓரத்தில் ஊரின் பெயர் இருந்தது: நிஷ்னி நோவ்கோரோட்.

"என்னப்பா, ரஷ்யாவுக்குச் சுற்றுலா போற பிளானோ?"

அவர் சிரிக்கவில்லை. விரலை நீட்டினார். கமராவுக்கு முன்னால் இருபது முப்பது அடி தள்ளி ஓர் ஆள் போய்க்கொண்டிருந்தான். தொப்பி இல்லை. மஞ்சள் கடுகு நிற ஜக்கெட், மெல்லிய உடம்புக்குப் பெரிது.

"என்ர ஜக்கெட்," என்றார் அப்பா.

அம்மாவை அவள் செவ்வாய்க்கிழமை மதியம் ஆய்வுகூடத்திலிருந்து அழைத்தாள். பின்னால் பாத்திரச் சத்தமும் பெண்களின் சிரிப்பும் கேட்டன.

"இவ்வளவு கிட்டக் கிடக்கிற பாரிசுக்கே என்னை ஒருநாள் கூட்டிக்கொண்டு வராத மனுசன். ரஷ்யா கேக்குதாமோ?" என்ற அம்மா, ஆதிரை ஊரின் பெயரைச் சொன்னதும் நிறுத்தினாள். ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பாத்திரச் சத்தம் நின்றது.

"ஜெர்மனிக்குக் களவா வரேக்கை ஏஜென்சிக்காரங்கள் எங்களை அந்த ஊரிலதான் வைச்சிருந்தவங்கள். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, இதே தை மாசம். பழைய மரவீடு, படி வெளிப்பக்கம். சன்னலுக்கெல்லாம் கடதாசி ஒட்டியிருக்கும். ஒரு அறைக்கை ஆறு பேர். நானும் அப்பாவும் அங்கைதான் பழக்கம்."

"ஐங்கரன் சித்தப்பாவுமா?"

"ஓம். ரண்டு சகோதரங்களுக்கும் ஒரே ஒரு ஜக்கெட், அதால வெளியில போறதெண்டால் முறைக்குத்தான். போகக் கூடாதெண்டுதான் ஏஜென்சிக்காரன் சொன்னவன். மூண்டு மாசம் ஒரு அறைக்கை இருந்து பார், விளங்கும். அண்டைக்கு ஐங்கரன்ர முறை. ஊர் பாத்திட்டு வாறன் அண்ணை, நாளைக்கு உங்கட முறை எண்டு சொல்லிப்போட்டுப் போனவன். பத்தொன்பது வயசு."

"பிறகு?" என்றாள் ஆதிரை.

"அவன் போன பிறகு அந்த ஒழுங்கை முழுக்க பொலிஸ். நாங்கள் லைற்றை நூத்துப்போட்டு இருந்தனாங்கள். அப்பதான் தட்டினவன்."

"சரியாத் தட்டினவரா?"

"மூண்டு, ஒண்டு, ரண்டு. அண்ணை எண்டும் கூப்பிட்டவன். அப்பாதான் கதவடியில, கொண்டியில கையை வைச்சபடி இருந்தவர். பொலிஸ் பிடிச்சால் ஆளையே முன்னுக்கு விட்டுத் தட்ட வைப்பாங்கள் எண்டு ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தவன். நாங்கள் எல்லாரும் வேண்டாமெண்டு தலையாட்டினனாங்கள். நானும் ஆட்டினனான், பிள்ளை."

"எவ்வளவு நேரம் தட்டினவர்?"

"விடியுமட்டும். விடியப் பாத்தால் வெளியில ஒருத்தரும் இல்லை, பிறகும் அவனை ஒருத்தரும் காணேல்லை. கதவுக்குத் தகரம் அடிச்சிருந்தது. அதில, முழங்கால் உயரத்தில, விரல் மொளியின்ர தோல் ஒட்டிக்கிடந்தது."

முழங்கால் உயரம். ஆதிரைக்குப் புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. கடைசியில் அவர் நிற்க முடியாமல் தரையில் இருந்துகொண்டு தட்டியிருக்கிறார்.

"அப்பாவை உந்த வீடியோவைப் பாக்க விடாதே. குளிசையை நேரத்துக்குக் குடு. நான் வியாழக்கிழமை வாறன்."

அன்று மாலை அப்பா பழைய இடத்திலேயே இருந்தார். காலையில் அவள் வைத்த பாண் கடிபடாமல் கிடந்தது. மாத்திரைகளும் பெட்டியில் அப்படியே இருந்தன. அவள் அவர் பக்கத்தில் அமர்ந்தாள். தூரத்தில் ஒருவர் போலத்தான் இன்னொருவரும் தெரிவார், அதை அப்பாவுக்குக் காட்டிவிட்டால் போதும் என்று நினைத்தாள். கைப்பேசியில் அந்த ஊர்க் காணொளிகளை ஒவ்வொன்றாகத் திறந்து திகதி பார்த்தாள். வேறு வேறு ஆண்டுகள். எடுத்தவர்களும் வேறு வேறு ஆட்கள்.

எல்லாவற்றிலும் அவன் போய்க்கொண்டிருந்தான். கடைத்தெருவில் வெண்கல ஆட்டுச் சிலையைத் தாண்டி. இரண்டு ஆறுகளும் சேரும் முனையில், மஞ்சள் தேவாலயத்தின் பக்கமாக. ஆற்றுக்கு மேலே கம்பியில் தொங்கிப் போகும் பெட்டிகளின் கீழே. எங்கும் நின்று, தலையை நிமிர்த்தி, ஆறஅமரப் பார்த்துவிட்டு நடந்தான். ஊர் பார்க்க வந்தவன் போல.

ஒரு காணொளி ஆடி மாதத்தில் எடுத்தது. சிறுவர்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். வெப்பநிலை இருபத்தொன்பது என்று தலைப்பிலேயே இருந்தது. அவன் அதே ஜக்கெட்டில் போனான். அவள் படத்தை நிறுத்திப் பெரிதாக்கினாள். அவன் தோளில் பனி இருந்தது. பத்து நிமிடக் காணொளி. தொடக்கத்தில் எவ்வளவு இருந்ததோ முடிவிலும் அவ்வளவு. பனி உருகும் வெப்பநிலை அவளுக்குத் தெரியும். சிறு பிள்ளைக்கும் தெரியும்.

அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"அவன் எல்லாம் பாத்து முடிச்சிட்டான்," என்றார் அப்பா. "இனித் திரும்பி வாறான்."

புதன்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. அப்பா சாப்பிடவில்லை, திரைக்கு முன்னாலிருந்து எழும்பவில்லை. ஐந்து மணிக்கு வெளியே இருட்டியது. மற்ற அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. மூன்று. ஒன்று. இரண்டு.

வாசலுக்கு ஓடினாள். கதவின் பார்வைத் துளையில் வெறும் படிக்கட்டு. சத்தம் பின்னாலிருந்து வந்தது.

திரையில் அவன் நின்றிருந்தான். ஆற்றுப் படிக்கட்டின் உச்சியில், முதல் தடவையாகக் கமராவைப் பார்த்தபடி. முகம் வெளிச்சத்தில் வெளிறி, வடிவம் பிடிபடாமல் இருந்தது. கையை உயர்த்தி வெறும் காற்றில் தட்டினான். கண்ணாடியில் தட்டுவது போலக் கேட்டது.

அவள் தொலைக்காட்சியின் செருகியைப் பிடுங்கினாள். திரை கறுத்தது. சப்பாத்துச் சத்தம் இன்னும் இரண்டு அடி கேட்டது. பிறகு நின்றது.

அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நோகுதா?"

"நோகேல்லை. மூச்சுத்தான் முட்டுது."

நாக்குக்குக் கீழே அடிக்கும் ஸ்பிரேயை எடுத்தாள். வெறுங்காற்று வந்தது. புதியது மருந்தகத்தில் வந்திருக்கிறது, அம்மா சொல்லிவிட்டுத்தான் போனாள், ஆதிரைதான் போய் எடுக்கவில்லை. மருந்தகம் வீதிக்கு எதிர்ப்பக்கம். ஐந்து நிமிடம்.

"அம்புலன்சுக்கு அடிக்கிறன்."

"வேண்டாம். அவங்களோட பொலிசும் வரும்." அவள் கையைப் பிடித்தார். விரல்கள் ஐஸ் போலிருந்தன. "அது அவன்ர தட்டுத்தான் பிள்ளை. எனக்குத் தெரியும். அண்டைக்கும் தெரியும்."

"அப்பா, கேளுங்கோ. நான் மருந்து எடுத்துக்கொண்டு ஓடி வாறன். உள்ளுக்குப் பூட்டிப்போட்டுத் திறப்பை அதிலையே விடுங்கோ. ஆர் தட்டினாலும் திறக்காதேங்கோ. சரியாத் தட்டினாலும் திறக்காதேங்கோ. என்ர குரல் கேட்டால் மட்டும்."

"ஓம்," என்றார் அப்பா.

கம்பளிச் சட்டையோடு அப்படியே வெளியே வந்தாள். பின்னால் பூட்டில் சாவி இரண்டு முறை திரும்புவது கேட்டது. நிம்மதியாக இருந்தது.

இரண்டாம் மாடி வளைவில் படிக்கட்டு விளக்கு அணைந்தது. அது எப்போதும் இரண்டு நிமிடத்தில் தானாக அணையும் விளக்கு. சுவிட்சைத் தடவும்போது யாரோ மேலே ஏறி அவளைக் கடந்து போனார்கள். பழைய மரமும் மண்ணெண்ணெயும் ஈரக் கம்பளியும் சேர்ந்த ஒரு வாடை. அவள் "ஹலோ" என்றாள். தோள் உரசிய இடம் நனைந்திருந்தது. விளக்கைப் போட்டபோது யாரும் இல்லை. மூன்றாம் மாடியில் இருக்கும் மாணவனாக இருக்கும். அப்படி நினைத்துக்கொண்டு ஓடினாள்.

மருந்தகத்தில் இரண்டு பேர் முன்னால் நின்றார்கள். ஏழு நிமிடம்.

திரும்பி வரும்போது படிகளில் அடிச்சுவடுகள் இருந்தன. ஈரம் இல்லை. பனி. உருகாத பனி. முதலாம் மாடி. இரண்டாம் மாடி. மூன்றாம் மாடிக் கதவைத் தாண்டி மேலே. அவள் வீட்டு வாசல்வரை போயின. திரும்பி வரவில்லை.

"அப்பா!"

தட்டினாள். மூன்று. ஒன்று. இரண்டு.

"அப்பா, நான் ஆதிரை. மருந்து கொண்டு வந்திட்டன். திறவுங்கோ."

தன் திறப்பைப் பூட்டுத் துளையில் போட்டாள். போகவில்லை. உள்ளே இன்னொன்று இருந்தது. அவளே விடச் சொன்னது.

கதவில் காதை வைத்தாள். மரத்துக்கு அப்பால் மூச்சுக் கேட்டது. மிகக் கிட்ட. அப்பா கதவடியில்தான் இருந்தார்.

"அப்பா, என்ர குரல்தானே. கேக்குதா?"

"என்ர பிள்ளையின்ர குரல் மாதிரிக் கிடக்கு," என்று அப்பா உள்ளே யாரிடமோ சொன்னார்.

"அப்பிடித்தான் அண்ணை கூப்பிடுவாங்கள்," என்றது ஒரு குரல். இளம் குரல். குளிரில் பல்லுக் கிட்டிய குரல். "ஆளை முன்னுக்கு விட்டுத் தட்ட வைப்பாங்கள். சத்தம் போடாதேங்கோ."

அவள் கத்தினாள். இரண்டு கையாலும் அடித்தாள். மற்ற மாடிகளில் ஒரு கதவும் திறக்கவில்லை. அவசர எண் 112-க்கு அழைத்தாள். விலாசம் சொன்னாள். எட்டு நிமிடம் என்றார்கள், பொலிசையும் அனுப்புவதாகச் சொன்னார்கள். அப்பாவின் கைப்பேசிக்கு அழைத்தாள். உள்ளே மணி அடித்தது. எடுபட்டது. காற்று இரைந்தது. தூரத்தில் ஒரு தேவாலய மணி.

"அப்பா, நெஞ்சு நோகுதா? கதவை மட்டும் திறவுங்கோ. அது சித்தப்பா இல்லை. அப்பா, நான் உங்கட பிள்ளை."

"இந்தாங்கோ அண்ணை, ஜக்கெட்," என்றது குரல், கைப்பேசியிலும் கதவுக்கு அப்பாலும் ஒரே நேரத்தில். "இப்ப உங்கட முறை. வாங்கோ, நான் எல்லாம் காட்டுறன்."

துணி உரசியது. சிப் இழுபட்டது. அப்பாவின் செருப்புச் சத்தம் எழுந்தது. தரையில் ஓரடி. இரண்டடி.

மூன்றாவது அடி நறுக்கென்றது.

விளக்கு அணைந்தது. சுவிட்சைப் போட்டாள். தன் மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது. கையில் பனி. தோளில் பனி. கதவடியில் சரிந்து உட்கார்ந்தாள். இருந்தபடி தட்டினாள். மூன்று. ஒன்று. இரண்டு. கையை எடுத்தபோது கை உடனே வரவில்லை. கதவில் ஒட்டியிருந்தது. இழுத்தாள். விரல் மொளியில் எரிந்தது.

கதவைப் பிடித்து எழுந்தாள். பார்வைத் துளையில் வெளிச்சம் இருந்தது. வீட்டு விளக்கு அல்ல. பகல். கண்ணை வைத்தாள்.

மிகச் சிறியதாக, மிகத் தூரத்தில், அந்த நீண்ட படிக்கட்டு வெள்ளை ஆற்றை நோக்கி இறங்கியது. இரண்டு பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கடுகு நிற ஜக்கெட்டில் அப்பா. பக்கத்தில், மெல்லிய சட்டையோடு, அவர் கையைப் பிடித்தபடி அவன். ஆற்றைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னான். அப்பா தலையாட்டினார்.

அவள் தட்டினாள். மூன்று. ஒன்று. இரண்டு.

அப்பா நின்றார். கேட்டிருந்தது. பாதி திரும்பினார். கொண்டியைத் தேடுவதுபோல அவர் கை காற்றில் எழுந்தது.

ஐங்கரன் அவளை நேராகப் பார்த்தான். தோலில்லாத விரலை உதட்டில் வைத்தான்.

அப்பாவின் கை இறங்கியது.